‘நைஸ்’ தமிழ்ச் சொல்லா?

எருமப்பட்டியில் ராகி அரைக்க மாவு மில்லுக்குப் போனால் முதல் கேள்வி இதுதான்: “நைசாங்களா, குருணையாங்களா?” போன வாரம் கூட வந்த நண்பர் உடனே சொன்னார்: “பாருங்க, நைஸ்ங்கறதே நம்ம சொல்லுதாங்க. நைய அரைக்கறதுலருந்து வெள்ளக்காரன் எடுத்துக்கிட்டான்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் நிற்காது.

ஆங்கில ‘நைஸ்’ லத்தீனின் ‘நெஸ்கியுஸ்’ என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ஆக, ‘அறியாத’ என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில், கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலத்தில், ஒருவரை நைஸ் என்றால் அவர் மடையர்! பிறகு எதிலும் குறை காண்கிற, நுட்பமான என்றெல்லாம் நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்ற பொருள் வந்தது. எதற்கெடுத்தாலும் நைஸ் என்பதை ஜேன் ஆஸ்டின் தன் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஒரு பாத்திரத்தை விட்டுக் கிண்டலடிக்கிறார்.

அடுத்தது ஒலி. சாசர் காலத்தில் இதன் உச்சரிப்பு ஏறக்குறைய ‘நீஸ்’. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கில நெடில்கள் மாறியபோதுதான் ‘ஈ’ ‘ஐ’ ஆனது. நண்பர் பிடித்துக்கொண்ட ‘நை’ அந்தச் சொல்லில் பிற்பாடு வந்த ஒலி. கடைசி ‘ஸ்’ அறிதல் என்ற வேரின் மிச்சம். நம் ‘நைய’ என்பதில் அதற்கு இடமே இல்லை.

அப்படியானால் நண்பர் சொன்னதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நமக்கு மாவு நைசு, துணி நைசு. “நைசா நழுவிட்டான்” என்கிறோம், “நைசாப் பேசிக் காரியத்த முடிச்சுட்டான்” என்கிறோம். இன்றைய ஆங்கிலக்காரரிடம் நைஸ் மாவு என்றால் நல்ல மாவு என்று நினைப்பாரே தவிர, பொடியாக அரைத்தது என்று அவருக்குத் தோன்றாது. நசுங்குதல், குழைதல் என்ற பொருளுள்ள நம் ‘நைதல்’ பக்கத்தில் இருந்ததால், வந்த சொல் மில்லில் எளிதாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் தேடிப் பார்க்கத் தகுந்த ஊகம்.

எனக்குள்ள வருத்தம் இதுதான். வேரே நம்முடையது என்று சான்றில்லாமல் அடித்துப் பேசினால், அதை மறுப்பது யாருக்கும் எளிது. அதற்கப்புறம், இரவல் சொல்லை நம் ஊர் மில்லும் வீடும் எப்படி மாற்றி வைத்திருக்கின்றன என்ற உண்மையான செய்தியைச் சொன்னாலும் காது கொடுக்க ஆளிருக்காது.