படத்துக்குப் பின்னே ஒரு குரல்

லாஸ் வேகாஸ் தன் பழைய கட்டடங்களைக் கூட்டம் கூட்டி, வெடிவைத்துத் தகர்க்கும் ஊர். 1993இல் டியூன்ஸ், 1996இல் சாண்ட்ஸ், 2007இல் ஸ்டார்டஸ்ட் என்று ஹோட்டல் ஹோட்டலாகப் புழுதியானது. அப்படிப்பட்ட பாலைவன நகரத்திலும் நினைவைச் சேர்த்துவைக்கிறார்களே, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்று மையத்தை அதற்காகவே கும்பிடலாம்.

புகைப்படங்களுக்குக் குறைவில்லை. 1905 மே மாத வெயிலில் ரயில் கம்பெனி மனைகளை ஏலம்விட்ட காட்சி இருக்கிறது. 1950களில் ஃப்ரீமான்ட் தெரு விளக்குப் பலகைகளுக்குப் பின்னே அணுகுண்டுப் புகை எழும் காட்சியும் இருக்கிறது. அணுகுண்டுச் சோதனைத் திடல் ஊரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் படம் பேசாதே; அந்தத் திடலில் வேலை பார்த்தவர்களையும் சோதனையை எதிர்த்தவர்களையும் மையத்தினர் தேடிப்பிடித்துப் பேசவைத்துப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போடுவது அந்நகரின் வெஸ்ட்சைடு பேட்டையில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பேச்சு. லூசியானாவின் டலூலா, ஆர்கன்சாவின் ஃபோர்டைஸ் போன்ற சிற்றூர்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அவை. அந்தக் காலத்தில் பல ஹோட்டல்களில் அறையைப் பெருக்கி மெத்தை விரித்தவர்களால் அங்கே விருந்தாளியாகத் தங்க முடிந்ததில்லை. மேடையில் பாடி அசத்திய சாமி டேவிஸ் ஜூனியருக்கே அந்தக் கதிதான். படுக்க வெஸ்ட்சைடுக்குப் போகவேண்டியிருந்தது. விளம்பரப் படத்தில் அவர் சிரிக்கிறார், எங்கே தூங்கினார் என்பது அதில் இல்லை. அதை அந்தப் பேட்டைக்காரர்கள் வாயால்தான் கேட்கவேண்டும். அப்படிக் கேட்கப் பொறுமையாக ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கவேண்டும். அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிய கலை என்பேன்.