ஏட்டு இந்தியும் வீட்டு இந்தியும்

பிஜித் தீவு என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது பாரதியாரின் கரும்புத் தோட்டப் பாடலேயாகும். அத்தோட்டங்களில் வியர்வை சிந்திய மக்கள் தம் துயரைத் தமக்குள் எம்மொழியில் சொல்லிக்கொண்டனர் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. கடல் கடந்த இந்தியரிடையே இந்தி மொழியையும் அதன் இலக்கியத்தையும் வளர்க்க மாநாடுகள் கூடும் இந்நாளில் அக்கேள்வி எழுப்பத்தக்கதே. 2023 பிப்ரவரியில் பன்னிரண்டாவது உலக இந்தி மாநாடு பிஜியின் நாந்தி நகரிலேயே நடந்தேறியது.

1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கப்பலேற்றப்பட்டனர். 'அக்ரிமெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அவர்கள் நாவில் 'கிர்மிட்' ஆயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் அவதியும் போஜ்புரியும் பேசிய வடபுலத்தார். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளுமாக ஏறத்தாழ 15,000 பேர் போய்ச் சேர்ந்தனர். இந்துவும் முஸ்லிமும் ஒரே குடியிருப்பு வரிசையில் வாழ்ந்து, ஒரே வயலில் கரும்பு வெட்டி, பேசிப் பேசி உருவாக்கிய பொதுமொழியே பிஜி இந்தி. கிதாப், துனியா என நம் இல்லங்களுக்கும் பழக்கமான அரபுச் சொற்கள் அதில் உண்டு. ஆங்கிலச் சொற்களும், அத்தீவின் பழங்குடியினர் சொற்களும் உண்டு. தில்லி இந்தியில் 'ஹம்' என்பது பன்மை. பிஜி இந்தியிலோ 'நான்' என்னும் ஒருமையே அச்சொல்லால் குறிக்கப்படும்.

ஆனால் பள்ளிப் பாடநூலும் மேடைப்பேச்சும் செய்தித்தாளும் தாயகத்துச் செந்தர இந்தியையே கைக்கொண்டன. 1935 இல் தொடங்கிய 'சாந்தி தூத்' வார இதழும் அவ்வழியதே. வீட்டில் பேசப்பட்டது 'உடைந்த இந்தி' என்று பெயர் பெற்றது. பேசியவர்களே அப்பெயரை ஒப்புக்கொண்டதுதான் வருந்தத்தக்கது.

இதன் விளைவை இரண்டு நூல்களைக் கொண்டு காணலாம். 1893 இல் கூலியாகச் சென்று 1914 இல் மீண்ட தோத்தாராம் சனாட்டியர், பிஜித் தீவில் தாம் கழித்த இருபத்தோராண்டுகளின் வரலாற்றைச் சொல்ல, அதை எழுத்தில் வடித்தவர் பனாரசிதாஸ் சதுர்வேதி. கூலி முறையை ஒழிக்க எழுந்த கிளர்ச்சிக்கு அந்நூல் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் அதன் நடை தாயகத்து எழுத்தாளரின் நடை. பட்டவன் சொன்னான், படித்தவன் எழுதினான். கூலியின் துன்பம் நூலில் ஏறிற்று. அவனுடைய பேச்சு வெளியே நின்றுவிட்டது.

அப்பேச்சு ஒரு பெருநாவலாக நூலேற 2001 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் வெளிவந்த 'டவுக்கா புராண்' முழுவதும் பிஜி இந்தியில் அமைந்த நாவல். ஆசிரியர் சுப்ரமணி ஆங்கில இலக்கியப் பேராசிரியர். ஆங்கிலத்தில் சிறுகதைகளும் ஆய்வு நூலும் தந்து பெயர் பெற்றவர். அத்தகையவர் எள்ளி நகையாடப்பட்ட பேச்சுமொழிக்குத் திரும்பியது சாதாரணச் செயலன்று. 'டவுக்கா' என்றால் போக்கிரி. பிஜிலால் என்னும் எளியவன் தன் கதையைத் தானே சொல்கிறான். புராணம் என்னும் பெருமைக்குரிய பெயரைப் போக்கிரியின் கதைக்குச் சூட்டியதிலேயே ஆசிரியரின் நோக்கம் விளங்குகிறது. அழுகையை மட்டுமே எதிர்பார்த்து வருவோர் இங்கே சிரிப்பைக் காண்கின்றனர். செந்தர மொழியில் பெயர்த்தால் அச்சிரிப்பு செத்துவிடும்.

குறையும் இல்லாமலில்லை. வாய்மொழிக் கதைக்குரிய தளர்ச்சி நூல் நெடுகிலும் உண்டு. கிளைக்கதைகள் முதற்கதையை மறைக்கின்றன. காதால் கேட்டுப் பழகிய மொழியைக் கண்ணால் படிப்பதும் எளிதன்று. எனினும் ஆசிரியர் ஓயவில்லை. 2018 இல் 'பிஜி மா' என்னும், ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய மற்றொரு நாவலை அதே மொழியில் அளித்தார்.

இங்கே நடுநிலையோடு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்நாவல் தேவநாகரியில் அச்சாயிற்று. அவ்வெழுத்தைத் தீவின் மக்களுக்குக் கற்பித்தவை செந்தர இந்தியைப் போதித்த பள்ளிகளே. ஆகவே ஏட்டு இந்தியைப் பகையென்று தள்ளுவது நன்றியற்ற செயலாகும். ஏணி வேண்டியதே, ஆனால் ஏணியை வீடென்று கொள்ளலாகாது.

1987 இன் இராணுவப் புரட்சிகளுக்குப் பின் பல்லாயிரவர் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறினர். அங்கே பிறந்த பேரப்பிள்ளை பாட்டியிடம் கேட்பது பிஜி இந்தி. இந்தி வகுப்பிற்குப் போனால் அங்கே போதிக்கப்படுவது தில்லி இந்தி. பாட்டியின் பேச்சு பிழையென்று ஆசிரியர் திருத்தினால், பிள்ளை பாட்டியிடம் பேச நாணும். புதிய மொழியிலோ உறவு கொண்டாட ஆளிராது. முடிவில் இரண்டையும் கைவிட்டு ஆங்கிலத்தோடு நின்றுவிடும். மொழியை வளர்க்கப் புகுந்தவர்களே அதன் வேரை அறுக்கும் அவலம் இவ்வாறுதான் நேர்கிறது.

பிஜியின் 2013 ஆம் ஆண்டு அரசியல் சட்டம், தொடக்கப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டிய மொழிகளுள் ஒன்றாகப் 'பிஜி இந்தி'யைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. சட்டம் காட்டிய மரியாதையை இந்திப் பணியாற்றுவோரும் காட்டுதல் வேண்டும். அவர்கள் அனுப்பும் நூற்பெட்டியில் தாயகத்துப் பெரும்புலவர்களின் படைப்புகளோடு 'டவுக்கா புராணு'க்கும் இடமிருக்கட்டும். வகுப்பைத் தொடங்குமுன், "உன் பாட்டி சொன்ன கதையை அவர் சொன்ன மொழியிலேயே சொல்" என்று ஆசிரியர் கேட்கட்டும். அக்கதையைத் திருத்தாமல் கேட்கும் பொறுமையே அப்பணியின் முதற்பாடம் என்பது நம் கருத்து.