வாசலை வைத்து விமானத்தை எடைபோடலாமா?

எந்த விமானத்திலிருந்து குதிக்கப் பிடிக்கும் என்று ஸ்கைடைவிங் செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் கதவைப் பற்றியதாகவே இருக்கும். ஸ்கைவேனின் அகன்ற பின்கதவு, கலிஃபோர்னியாவின் பெரிஸ் வேலியில் உள்ள டிசி-9 ஜெட்டின் வாலடித் திறப்பு, வெப்பக்காற்று பலூனின் கூடை விளிம்பு என்று ஆளுக்கொரு வாசல் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. கதவைத் தாண்டிய முதல் பத்து விநாடியில்தான் உடல் முன்னோக்கிய வேகத்தை விட்டுச் செங்குத்தான விழுதலுக்கு மாறுகிறது. அந்த அனுபவத்தைத் தீர்மானிப்பது வாசலின் இடமும் வடிவமும். ஆனால் ரசனையின் சான்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தரையிலிருந்து 13,000 அடி வரை விமானம் எப்படி ஏறுகிறது, குதிக்கும் நேரத்தில் எப்படித் தாங்குகிறது என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

இவற்றில் தாங்குதலையே முதன்மையான அளவுகோலாக வைக்கிறேன். காரணம் எளிது. பயணியோ சரக்கோ ஏற்றிய இடத்தில் இருக்கும் என்ற எண்ணத்தில்தான் விமானங்கள் வடிவமைக்கப்படுகின்றன. ஸ்கைடைவிங்கில் சுமை எழுந்து நடக்கிறது. விமானி வேகத்தைக் குறைத்து 'ஜம்ப் ரன்'னில் நேராகப் பறக்கும் அதே வேளையில், ஏழெட்டுப் பேர் பின்கதவருகே குவிகிறார்கள். ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்கிறது, மூக்கு மேலே எழப் பார்க்கிறது, இறக்கை தாங்குதிறனை இழக்கும் எல்லை நெருங்குகிறது. 2019 ஜூலை 14 அன்று ஸ்வீடனின் உமேயோ அருகே ஜிஏ8 ஏர்வேன் விமானம் விழுந்து அதிலிருந்த 9 பேரும் இறந்தார்கள். குறைந்த வேகம், வால் பக்கம் கனத்த எடைப் பகிர்வு, மோசமான வானிலை, விமானியின் வேலைப்பளு ஆகியவை சேர்ந்தே கட்டுப்பாடு போனது என்று அந்நாட்டு விசாரணை கண்டது. வாசலின் அழகை மட்டும் பேசுகிறவர்கள் இந்த அறிக்கையை ஒருமுறை படிக்க வேண்டும்.

இந்த அளவுகோலோடு முதலில் ஸ்கைவேனை எடுத்துக்கொள்வோம். அன்பு மிக அதிகம் கொட்டப்பட்ட விமானம் அது. 1963இல் பெல்ஃபாஸ்டின் ஷார்ட் பிரதர்ஸ் பறக்கவிட்ட இரட்டை எஞ்சின் சரக்குப் பெட்டி. பெட்டி என்பது வெறும் உவமை அல்ல; உடல் உண்மையிலேயே சதுரம். பின்கதவு திறந்தால் உட்கூடத்தின் முழு அகலமும் வானத்துக்குத் திறந்துவிடும். குனிந்து தவழ வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று, அணியாகக் கைகோத்து, ஓடியே போகலாம். பெரிய கூட்டு உருவங்களுக்கு இது மறுக்க முடியாத நிறை. 2006 பிப்ரவரியில் தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் வானில் ஒரே உருவமாக இணைந்தார்கள். அவர்களைச் சுமந்ததும் பின்கதவு கொண்ட ஹெர்குலிஸ் ராணுவ விமானங்களே. அத்தனை பேர் சில விநாடிக்குள் வெளியேற வேறு வழியில்லை. குறை, ஓடும் திசையில் இருக்கிறது. வாலை நோக்கி ஓடுகிறவருக்குக் காற்று முதுகுப் பக்கம் வருகிறது. அதிலும் முதல் நொடியில் விமானத்தின் பின்னால் கலங்கிய காற்றுதான் கிடைக்கிறது, கை ஊன்ற அதில் பிடிமானம் இல்லை. பழகாதவர் குட்டிக்கரணம் அடிப்பது அதனால்தான். ஏற்றத்திலும் அந்தப் பெட்டி உடல் தன் விலையைக் கேட்கிறது. மகத்தான வாசல், நடுத்தரமான விமானம்.

ஜெட்டுகளை இங்கே நீட்டிப் பேச வேண்டியதில்லை. டிசி-9இன் வாலடிப் படிக்கட்டை எடுத்துவிட்டு அந்த ஓட்டை வழியே விழுவது அபூர்வமான அனுபவம். வாழ்நாளில் ஓரிரு முறை செய்யும் ஒன்றை அன்றாடக் கருவியின் தராசில் நிறுத்துவது இரண்டுக்கும் நியாயமல்ல.

செஸ்னா 182 வேறு வகையான மரியாதைக்கு உரியது. விமானியோடு நாலைந்து பேர், ஒற்றை பிஸ்டன் எஞ்சின், 10,000 அடிக்கு ஏறவே அரை மணி நேரத்தை நெருங்கும். கூட்டுக் குதித்தலுக்கு இது போதாது. ஆனால் கற்பதற்கு இதைவிட நேர்மையான வாசல் இல்லை. இறக்கைக்கு அடியில் கதவு மேல்நோக்கித் திறந்து காற்றில் நிற்கும். மாணவர் சக்கரத்தின் மேலுள்ள சிறு படியில் கால் வைத்து, சாய்வாக எழும் தாங்குகோலை இரு கையாலும் பற்றி வெளியே வருகிறார். கால் தவறிச் சக்கரத்தில் பட்டாலும் அது உருளாதபடி விமானி பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கிறார். அந்த நிலையில் காற்று எங்கிருந்து வருகிறது என்ற பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகமும் நெஞ்சும் உணர்ந்துவிடும்.

இந்த விளையாட்டுக்காகவே பிறந்த விமானம் ஒன்றும் இருக்கிறது: நியூசிலாந்தின் பிஏசி 750எக்ஸ்எல். உரம் தூவும் விமானங்களின் பரம்பரையில் 2001இல் பறந்தது. ஒற்றை டர்போ எஞ்சினில் 17 பேரைத் தூக்கி, கால் மணி நேரத்தில் 12,000 அடி ஏறி இறங்கிவிடும். செலவுக் கணக்கில் அதை மிஞ்சுவது கடினம். கருத்து வேறுபாடு எனக்கு அதன் தாழ்ந்த இறக்கையில். குதிக்கும் இடத்தைக் கீழே பார்த்துத் தேர்வதும் குதிப்பவரின் கலையில் ஒரு பகுதி. இறக்கை அந்தப் பார்வையில் பாதியை மறைக்கிறது. கிங் ஏருக்கு வேகம் இன்னும் அதிகம், வாசல் இன்னும் இறுக்கம், வால் சிறகு தாழ்வு. வேகம் குறைத்த நிலையில் பின்பக்கக் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்வதில் அதற்கு நல்ல பெயர் இல்லை. செஸ்னா கேரவனைப் பற்றி எனக்குப் புகார் குறைவு: உயர்ந்த இறக்கை, போதுமான கதவு, நம்பகமான பிடி6 எஞ்சின். நடுத்தர அளவிலான டிராப் ஸோன்களை, அதாவது ஸ்கைடைவிங் தளங்களை, அது தாங்கி நிற்பதில் வியப்பில்லை.

இனி ட்வின் ஆட்டர். 1965 மே மாதம் கனடாவில் டி ஹாவிலண்ட் நிறுவனம் பறக்கவிட்டது. காட்டுப் பகுதியிலும் பனி ஏரியிலும் குறுகிய ஓடுதளத்தில் இறங்கி ஏற வேண்டும் என்பதே அதன் நோக்கம். பாராசூட் யாருடைய நினைவிலும் இல்லை. குறைந்த வேகத்திலும் சொல்பேச்சு கேட்பது அந்த நோக்கத்தின் விளைவு. நான் முதலில் வைத்த அளவுகோலுக்கு அதுதான் விடை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள், இரண்டு பிடி6 எஞ்சின்கள், தலைக்கு மேல் இறக்கை, உடலுக்கு மேலே குத்துவாலில் பொருந்திய வால் சிறகு, இடப்பக்கம் பின்னால் அகன்ற கதவு.

அந்தக் கதவின் செயல்பாட்டைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நால்வர் அணி ஒன்று வெளியேறத் தயாராகிறது. பச்சை விளக்கு. ஒளிப்படக்காரர் கதவுக்குப் பின்னுள்ள தனிப் படியில் போய் ஒட்டிக்கொள்கிறார். இருவர் மூவர் வெளியே வந்து, கதவின் மேற்புறக் கம்பியைப் பற்றி, முகத்தை உள்ளே திருப்பி நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர் அவர்களின் உடையிலுள்ள பிடிகளைப் பற்றுகிறார். எஞ்சின் இரைச்சலில் சொல் கேட்காது. ஒருவரின் தோள் வெளியே, உள்ளே, மீண்டும் வெளியே அசைகிறது. மூன்றாம் அசைவில் நால்வரும் ஓர் உடலாகக் கிளம்புகிறார்கள், நெஞ்சு காற்றுக்கு எதிராக, கைப்பிடி விடாமல். குதித்தலின் முதல் உருவம் வாசலிலேயே கட்டப்படுகிறது. ஸ்கைவேன் கூட்டத்தை வெளியே விடுகிறது. ட்வின் ஆட்டர் அணியை வெளியே விடுகிறது.

குறைகளை மறைக்கவில்லை. கிங் ஏரின் வேகம் இதற்கு இல்லை. இரண்டு எஞ்சின் என்றால் இரட்டிப்புப் பராமரிப்பு. இரண்டு எஞ்சின் இருந்தால் பாதுகாப்பும் இரட்டிப்பு என்ற நம்பிக்கையும் தானாக நிறைவேறுவதில்லை. 1992 ஏப்ரல் 22 அன்று பெரிஸ் வேலியில் ஒரு ட்வின் ஆட்டர் புறப்பட்டதும் மாசடைந்த எரிபொருளால் ஓர் எஞ்சின் சக்தியிழந்தது. விமானி நல்ல எஞ்சினின் புரொப்பெல்லரை நிறுத்திவிட்டார். 22 பேரில் 16 பேர் இறந்தார்கள். இந்தத் துயரத்தை விமானத்தின் வடிவமைப்பின் மீது ஏற்ற முடியாது. இரட்டை எஞ்சினை அதன் சிறப்பாகச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்லவும் முடியாது. ஆகவே அதன் முதலிடத்துக்கு நான் எஞ்சின் எண்ணிக்கையைச் சான்றாக எடுக்கவில்லை. மெல்லப் பறக்கும்போது காட்டும் பொறுமையையும், வாசலின் ஒழுங்கையும் எடுக்கிறேன்.

அந்த இரண்டிலும் அதற்கு இணை இல்லை. முதலிடம் ட்வின் ஆட்டருக்கு, அடுத்தது கேரவனுக்கு. ஸ்கைவேனுக்கு வாசலின் பரிசு மட்டும். ஆனால் இந்தத் தீர்ப்பு வடிவமைப்புக்கு உரியது, உங்கள் முன் நிற்கும் தனி விமானத்துக்கு அல்ல. 1988இல் நின்ற உற்பத்தி 2010இல் வைக்கிங் நிறுவனத்தின் கையில் மீண்டும் விநியோகத்துக்கு வந்தது என்றாலும், டிராப் ஸோன்களில் குதிப்பவர்களை ஏற்றும் ட்வின் ஆட்டர்களில் பல முதல் காலத்தவை. அவற்றுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் அன்று காலை எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து வடித்துப் பார்த்த கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் நின்றதா இல்லையா என்பதைப் பொறுத்தது.