சிண்டாக்ஸ் ட்ரீ டெஸ்ட்: பச்சை வந்தா போதுமா?

ஆபீஸ் உள்வேலைக்காக ஒரு குட்டி கான்ஃபிக் மொழி செய்தோம். பார்சரை எழுதினது நான்தான், ட்ரீ-சிட்டரில். 60-க்கு மேல் டெஸ்ட், எல்லாமே பச்சை. ஒருநாள் ராத்திரி போன் வந்தது. டைம்அவுட்டை ஒருத்தர் "30 - 10 - 5" என்று எழுதியிருக்கிறார். வரவேண்டியது 15 நொடி, வந்தது 25. முன்னாடி நிக்கிற ப்ராக்ஸி 20 நொடியிலேயே இணைப்பை வெட்டிவிட, பயனர்களுக்கு வெறும் எரர் பக்கம்தான்.

காரணம் எளிது. இந்த மாதிரி இடத்தில் இடமிருந்து சேர்க்கணுமா, வலமிருந்தா என்று ட்ரீ-சிட்டர் நம்மிடமே கேட்கும். அடுக்குக்குறிக்கு எழுதின விதியை காப்பியடித்து, கழித்தலுக்கும் "வலது" என்று போட்டிருந்தேன்.

சரி, டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? அந்த ஃபைலில் மேலே சோதிக்கும் வரி, கோட்டுக்குக் கீழே வரவேண்டிய மரம். அந்த மரத்தை நான் கையால் எழுதவே இல்லை. 'அப்டேட்' கொடுத்தால் பார்சர் தந்த மரத்தை அதுவே நிரப்பிவிடும். அதாவது, பரீட்சை எழுதினவனே விடைத்தாளையும் தயாரித்திருக்கிறான்! அதற்குப் பிறகு எத்தனை தடவை ஓட்டினாலும் பச்சைதான்.

இதில் என் சோம்பேறித்தனம் பாதி. மீதி, அந்த மர வடிவத்தின் குறை. அது பெயர் வைத்த கணுக்களை மட்டும்தான் காட்டும். கூட்டல், கழித்தல் குறிகளை வெறும் எழுத்தாக இலக்கணத்தில் போட்டால் அவை மரத்தில் தெரியாது. "10 + 3", "10 - 3" இரண்டுக்கும் ஒரே மரம்: (கணக்கு (எண்) (எண்)). எண்களின் மதிப்பும் அதில் இல்லை. உருவம் சரியா என்று பார்க்கலாம், அர்த்தம் சரியா என்று பார்க்க முடியாது.

டாம்ல் மொழிக்கான டாம்ல்-டெஸ்ட் இதை வேற மாதிரி கையாளுகிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் வகையையும் சேர்த்து ஜேசானில் எழுதி ஒப்பிடும். பார்சர் கட்டாயம் நிராகரிக்கவேண்டிய ஃபைல்களுக்குத் தனி ஃபோல்டரே உண்டு. ஆனால் அது மதிப்பை மட்டும்தான் பார்க்கும். கமென்ட் எங்கே போச்சு என்று கேட்காது. ஃபார்மேட்டர் எழுதுறவங்களுக்கு அது போதாது, மரம் வேணும்.

அதனால் இப்போ என் வழக்கம் இது. கழித்தல் மாதிரி வரிசை முக்கியமான இடங்களில் மரத்தை முதலில் காகிதத்தில் போட்டுவிட்டுத்தான் பார்சரை ஓட்டுறேன். குறிகளுக்கும் பெயர் வைத்தாச்சு. கூடவே, கணக்கின் விடையைச் சரிபார்க்க தனி டெஸ்ட். தப்பான ஃபைலுக்கும் டெஸ்ட் இருக்கு. ட்ரீ-சிட்டரில் அதற்கு எரர் குறி இருப்பதை இத்தனை நாள் நான் கண்டுகொள்ளவே இல்லை.

'அப்டேட்' கெட்டது இல்லை. ஆனா அது மாத்தின ஒவ்வொரு வரியையும் படிக்காமல் கமிட் பண்ணினால், அந்த டெஸ்ட் நம் தப்பைத்தான் காவல் காக்கும். உங்க ரெப்போவில் கையால் எழுதின மரம் எத்தனை இருக்கு? ஒரு தடவை எண்ணிப் பாருங்க.