சிக்கனத்தின் சாமர்த்தியம்

திருநெல்வேலி டவுணில், ரத வீதி ஜவுளிக் கடைகளில் சேலையின் இழையைத் தடவிப் பார்த்து விலை பேசும் தாய்மார்களின் நிதானத்தோடு, சொற்பப் பணத்தில் விளையாட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க முனையும் வாலிபன் அதன் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் விவேகம் மிகவும் ரசிக்கத் தக்கது. கையிருப்பில் பெரும்பங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கி, வண்ண விளக்குகளின் மோகத்தைத் துறந்து, பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாமல், 16 ஜிபி ரேமை ஒரே துண்டாக அன்றி இரண்டு 8 ஜிபி துண்டுகளாக வாங்கி, தகவல் இரு வழிகளில் ஓடும் வேகத்தை அதிகச் செலவின்றிச் சம்பாதித்துக்கொள்கிறான். பிராசஸரின் மூலையிலுள்ள சின்னஞ்சிறு பொன்னிற முக்கோணத்தை மதர்போர்டின் குறியோடு ஒத்துவைத்ததும், விரலழுத்தமின்றியே அது தன் குழியில் அமர்வதும், ரேம் ‘டக்’கென்ற ஓசையோடு பூட்டிக்கொள்வதும் பொறுமைக்குக் கிடைக்கும் சன்மானங்கள். அளவறிந்து செலவிடுவதும் ஒரு கலையே. அதில் தேர்ந்தவன் பொருளின் அருமையையும் அறிந்தவனாகிறான்.