பிஸ்டன் பிடிக்கும் முன்பே

கனடாவில் வட ஒன்டாரியோவின் பனிப் பாதைகளில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்களுக்கு விபத்துக்கு அடுத்த பயம் என்ஜின் சீஸ் ஆவதுதான். மைனஸ் 25 டிகிரிக் குளிரில், கைபேசி சிக்னல் கிடைக்காத உறைந்த ஏரியின் நடுவே பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. 600 சிசி, இரண்டு சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றில் மூன்று சோதனைக் கருவிகளை இந்தப் பனிக்காலத்தில் பயன்படுத்திப் பார்த்தேன்: கம்ப்ரஷன் கேஜ், கைபேசியில் இணையும் எண்டோஸ்கோப் கேமரா, காற்றுக்கசிவு சோதிக்கும் கருவி. எல்லோரும் முதலில் வாங்குவது கேஜைத்தான். அந்த வரிசை தவறு என்பது என் முடிவு.

ஆர்எக்ஸ் 100 பைக்கின் டூ ஸ்ட்ரோக் என்ஜினைப் பிரித்த கைகளுக்குக் காரணம் உடனே புரியும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் பிஸ்டனுக்கு அடியிலிருக்கும் கிராங்க்கேஸ் வழியாகத்தான் மேலே போகின்றன. அங்கே ஒரு சீல் தேய்ந்தாலோ, கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர் வெடித்தாலோ கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடிக்கும், அல்லது அதன் தலையில் ஓட்டை விழும். குளிர் இதை இன்னும் மோசமாக்குகிறது. 0 டிகிரியிலிருந்து மைனஸ் 30-க்கு இறங்கும்போது காற்றின் அடர்த்தி சுமார் 12 சதவீதம் கூடுகிறது. சாதாரண கார்புரேட்டர் இதைத் தானாக ஈடுகட்டாது. கூடுதல் பெட்ரோல் விடும் பெரிய ஜெட்டைப் போடுவது ஓட்டுபவர் பொறுப்பு.

கேஜ் எளிது. இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, முள் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். இரு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. திருகிப் பொருத்தும் வகையையே வாங்குங்கள். அதன் வால்வு பிளக் முனையிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயின் கொள்ளளவும் சேர்ந்து அளவு குறைவாகக் காட்டும். பெரிய குறை வேறு. பிஸ்டனின் பக்கவாட்டில் கீறல் விழுந்திருந்தாலும் ரிங் நன்றாக இருக்கும்வரை முள் நல்ல எண்ணையே காட்டும். கேஜ் கெட்ட செய்தி சொல்லும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

கேமரா ஒரு படி முன்னே போகிறது. 5.5 மில்லிமீட்டர் தலை பிளக் ஓட்டையில் தாராளமாக நுழையும். பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்க, பெட்ரோல் நுழையும் போர்ட்டுகளின் ஓரத்தில் மட்டும் சிறிதளவு கழுவியதுபோல் சுத்தமாக இருந்தால் கலவை சரி. அந்தச் சுத்தமான இடமே இல்லையென்றால் பெட்ரோல் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். விளிம்பு மணல் அரித்ததுபோல் இருந்தால் டெட்டனேஷன், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்ததன் அடையாளம். ஆனால் இதன் எல்இடி வெளிச்சம் பழுப்பைச் சாம்பலாகக் காட்டுகிறது. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால்தான் நிறத்தை நம்பலாம். வெளிக்குளிரிலிருந்து சூடான ஷெட்டுக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் ஆவி படிகிறது. எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றினால் பிஸ்டனின் பக்கவாட்டைக் கேமரா இல்லாமலே பார்த்துவிடலாம்.

மூன்றாவது கருவிக்குப் பளபளப்பு எதுவும் இல்லை: சில ரப்பர் அடைப்புகள், ஒரு கைப்பம்பு, ஒரு சிறிய கேஜ். கார்புரேட்டர் பக்கத்தையும் எக்ஸாஸ்ட் வாயையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ வரை காற்றடித்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழ் வரும் இடத்தைத் தேடலாம். 10 பிஎஸ்ஐக்கு மேல் அடித்தால் நல்ல சீலே பிதுங்கிவிடும், பொறுமை வேண்டும். அடைப்புகளைப் பொருத்துவது சலிப்பான வேலை, கிளட்ச் பின்னாலிருக்கும் சீலுக்குக் கை எட்டுவதும் கஷ்டம். என் சோதனையில் கார்புரேட்டர் ரப்பரில் மயிரிழை வெடிப்பைக் காட்டியது இதுதான். அதற்கு முன்பு கேஜ் இரு சிலிண்டரையும் நலம் என்றே சொல்லியிருந்தது.

கருவி எதுவும் தடுக்காத இரண்டு ஆபத்துகள் உண்டு. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் முழு த்ராட்டில் கொடுத்தால், சிலிண்டரைவிட பிஸ்டன் வேகமாக விரிந்து பிடித்துக்கொள்ளும். இன்னொன்று வெறும் பனிக்கட்டி. தண்ணீரால் குளிரும் வண்டிகளில் ட்ராக் வாரி இறைக்கும் பனித்தூள்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் குளிர வைக்கிறது. தூள் இல்லாத ஏரியில் மைனஸ் 20-லும் என்ஜின் கொதிக்கும். கட்டியைச் சுரண்டித் தூளாக்கும் ஐஸ் ஸ்கிராச்சர் கம்பிகளைக் கட்டாயம் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் காற்றுக்கசிவுக் கருவியை வாங்குங்கள். இரண்டாவது கேமரா, கேஜ் கடைசி. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கசிவுச் சோதனைக்கு விற்பவரின் சம்மதம் கேளுங்கள். மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.