உட்காருவதற்கு முன்

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரின் செஞ்சிக்கு வந்த இயேசு சபைக் குரு பிமெந்தா, லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய நகர் இல்லை என்று எழுதினார். அவர் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வேதத் தியானத்துக்குச் சொன்ன ஆயத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். மறுநாள் எதைத் தியானிப்பது என்று படுக்கும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும். காலையில், செபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால், ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் நிற்க வேண்டும். ஆண்டவர் நம்மைப் பார்க்கிறார் என்று எண்ணி, வணங்கிவிட்டுத்தான் விவிலியக் காட்சிக்குள் போகலாம். பெத்லகேம் போகும் பாதை சமதளமா, மேடுபள்ளமா, எவ்வளவு நீளம் என்றெல்லாம் மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். செஞ்சியின் ராஜகிரி மலைக்கோட்டைப் படிகளில் மூச்சிரைக்க ஏறியவர்களுக்கு இது சுலபம்! ஆனாலும், தடித்த விளக்கவுரைகளைவிட அந்தச் சிறு நிற்றல்தான் பெரிது என்பேன். நாளைக் காலை நின்று பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.